லாந்தனமும் கல்யாண ஓலையும்

அன்பு மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது நம் சபையில் பாதிப் பேர் இதைப் படித்து முடித்திருப்பார்கள். கோபப்படாதே. சபையின் மாத இதழில் போடுவதற்கென்றே கேட்டார்கள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். காரணம் உன் அப்பா. அம்பர்நாத் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், மாலையானால் செம்பூரிலிருந்து பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களோடு அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது முடியாது. அங்கே ஒருநாள் யாரோ, "மவன் கல்யாணம் எதுக்கு அண்ணாச்சி தள்ளிப்போச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் பெருமையாக, "அவன் காலத்தைத் திருப்பிப் பாக்குத ஆராய்ச்சில இருக்காம்லா, அதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கினால் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க மவன் காலத்தைத் திருப்புத மிசினு செய்யுதானாமே? எனக்கு இந்த முட்டி ஆப்பரேசனுக்கு முந்தி இருந்த காலு மட்டும் போதும். அதுக்கு மேல பேராசை இல்ல."

பின்னால் நின்ற அவருடைய மருமகள், "அத்த, மிசினு வந்ததும் எனக்கும் ஒரு டிக்கெட்டு சொல்லுங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தின நாள்ல எறக்கிவிட்டாப் போதும்" என்றாள். அக்கா திரும்பி முறைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, மிஷின் ஏதும் இல்லை என்பதையும், கல்யாணம் ஏன் தள்ளிப்போனது என்பதையும் நாலு பேருக்குப் புரியும்படி எழுதுவது என் பொறுப்பாகிவிட்டது. உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துத் திருத்து. வாழ்நாளெல்லாம் பிறர் நோட்டில் சிவப்பு மை வைத்தவள் நான், என் நோட்டிலும் ஒருவர் வைக்கட்டும். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும். அவசரமில்லை. ஷெர்லினை வாசிக்கச் சொல்லிக் கேள், அவள் உன்னைவிட நன்றாக வாசிக்கிறாள். மருமகள் வீட்டுக்கு வருமுன்பே அவள் கட்சியில் சேர்ந்துவிட்ட மாமியார் நானாகத்தான் இருப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் விவாகத்தில் இணையப்போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். உங்கள் இருவர் பெயரையும் முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. அன்று மாலைதான் ஜப்பானிலிருந்து நீ கூப்பிட்டாய்.

"அம்மா, பீம் டைம் மாறிடுச்சு."

நியூட்ரான்களை உண்டாக்கும் அந்தப் பெரிய இயந்திரம் ஒன்றுதான், பீம் டைம் என்கிற முறைக்காகக் காத்திருக்கும் குழுக்கள் பல என்பது எனக்கு அப்போதே தெரியும். தாராவியில் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தில் ஏதோ பழுதாகி, சரிசெய்து, எல்லோருடைய முறையும் தள்ளிப்போய், உங்கள் முறை சரியாக உன் கல்யாண வாரத்தில் வந்து விழுந்திருந்தது.

"நான் வந்துடறேன்மா. கூட இருக்கிற பையன் பாத்துப்பான்" என்றாய்.

"பாத்துப்பானா?" என்றேன்.

ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பாத்துப்பான்" என்றாய். வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா என்று பிள்ளைகளைக் கேட்டே காலம் கழித்தவளிடம் அந்த ஒரு மூச்சை நீ மறைக்க முடியுமா? அப்போதுதான் உன்னை உட்காரவைத்துக் கேட்டேன்: நீ அங்கே செய்வது என்ன, நீ இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? நீ சொல்லச் சொல்ல, நாலைந்து நாள் போனிலேயே பாடம் நடந்தது. எனக்கு எது புரிந்தாலும் ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் புரியும். என் உதாரணங்களைக் கேட்டு நீ சில இடத்தில் சிரித்தாய், சில இடத்தில் "அட" என்றாய். "அட" என்ற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நியூட்ரான் பம்பரம்போலச் சுழல்வது. அது போகும் திசையைப் பார்த்தபடி வலமாகச் சுழலலாம், இடமாகவும் சுழலலாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, "அப்ப அதுலயும் ரெண்டு மரை உண்டுன்னு சொல்லு" என்றார். கம்பெனியில் மற்ற நட்டெல்லாம் வலது மரை, எரியும் வாயு சிலிண்டருக்கு மட்டும் இடது மரை, புதிதாக வந்தவன் தெரியாமல் முறுக்கினால் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான் என்று ஒரு கதையும் சொன்னார். வலது மரையைக் கண்ணாடியில் காட்டினால் இடது மரையாகத் தெரியும். இயற்கைக்கு வலமும் இடமும் ஒன்றுதான் என்றால், லாந்தனம் என்ற உலோகத்தின் அணுக்கரு இந்த இரண்டு வகை நியூட்ரானையும் சமமாகப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அந்த அணுக்கரு காமா கதிர்களை வீசும். வீசும் கதிர்களை எண்ணினால் எந்த வகையை எவ்வளவு பிடித்தது என்று தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்தவர்கள் நீ பிறக்கும் முன்பே கண்டுகொண்டார்கள், சமமில்லை. ஒரு வகையைக் கூடுதலாகப் பிடிக்கிறது. இயற்கையிடமும் ஓரவஞ்சனை இருக்கிறது.

அந்த ஓரவஞ்சனை எவ்வளவு என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தனியாக ஒரு புரோட்டானும் நியூட்ரானும் சந்தித்தால் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வித்தியாசம் வரும் என்றாய். ஆனால் லாந்தனத்தில், குறிப்பிட்ட ஒரு சக்தியில் வரும் நியூட்ரானுக்கு, நூற்றில் பத்து அளவுக்கு வருகிறது. எப்படி இவ்வளவு பெருகும் என்று நான் கேட்டபோது நீ ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னாய். எனக்கு நம் பழைய தாராவி வீடு நினைவுக்கு வந்தது.

நம் வீட்டுக்கும் மாணிக்கம் அண்ணாச்சி வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். வாடகைக்குப் போய்த் திரும்பிய ஸ்பீக்கரையெல்லாம் வீட்டிலேயே போட்டுச் சோதிப்பார். அடுத்த பக்கம் தகரப் பட்டறை. பட்டறைக்காரருக்கு மாணிக்கம் அண்ணாச்சியின் பாட்டு ஒருநாளும் கேட்டதில்லை, அவர் வீட்டுச் சத்தமே அவருக்குப் போதும். நம் வீடு சத்தமில்லாத வீடு. அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவார், நான் நோட்டுத் திருத்துவேன், நீ படிப்பாய். அதனால்தான் அவர் பாட்டு நமக்கு வரிக்கு வரி கேட்டது. சுவர் நெருங்கி இருக்க வேண்டும், இந்தப் பக்கம் வீடு அமைதியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சின்னக் கசிவுகூடப் பெரிதாகக் கேட்கும். லாந்தனத்தின் அணுக்கருவுக்குள் நியூட்ரான் வந்து தங்கக்கூடிய சக்தி நிலைகள் ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நின்ற நம் சால் வீடுகளைப்போல நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிக அமைதியான வீடு, நியூட்ரான் அபூர்வமாகத்தான் நுழையும். பக்கத்திலேயே சத்தமான வீடு. இடையில் உள்ள சுவரில் பலவீன விசை என்ற ஒன்று நூலளவு கசிவை உண்டாக்குகிறது. அமைதியான வீட்டில் நின்று கேட்டால் அந்தக் கசிவு பெரிதாகக் கேட்கிறது.

"அட" என்று நீ சொன்னது இந்த இடத்தில்தான். "தாராவியில பொறந்ததுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கும்மா" என்றும் சொன்னாய். இந்தச் செம்பூர் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டில் கல்யாணம் நடந்தால்கூட நமக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிகிறது.

சரி, வலம் இடம் ஓரவஞ்சனை பழைய செய்தி. நீங்கள் தேடுவது அடுத்தது. கேரம் போர்டில் இரண்டு காய்கள் மோதுவதைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், எது முன், எது பின் என்று யாராலும் சொல்ல முடியாது. இயற்கையின் சட்டங்களும் அப்படித்தானா, காலத்தின் இரண்டு திசையும் அவற்றுக்கு ஒன்றுதானா? உன் அப்பா சொன்ன "காலத்தைத் திருப்பிப் பாக்குதது" இவ்வளவுதான், ஸ்டெல்லா அக்காவின் முட்டிக்கு இதில் வழியில்லை. வேறு சில துகள்களில் இந்தச் சட்டம் கொஞ்சம் பிசகுவதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் இருப்பதற்கே காரணம் சொல்ல அந்தப் பிசகு போதவில்லை. உலகம் தொடங்கியபோது பொருளும் அதற்கு நேர் எதிரான பொருளும் சமமாக உண்டாகி, ஒன்றையொன்று அழித்திருந்தால், நட்சத்திரமும் இல்லை, நாமும் இல்லை. ஏதோ கொஞ்சம் மிச்சப்பட்டிருக்கிறது. ஏன் என்பதற்குக் கணக்கு இடிக்கிறது. இன்னும் எங்கோ ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருக்க வேண்டும். சுவர் ஒட்டிய வீட்டில் ஒன்று பெரிதாகக் கேட்டதுபோல இன்னொன்றும் கேட்குமா என்று காது வைத்துப் பார்க்கிறீர்கள். அதற்கு லாந்தனம் கலந்த ஒரு படிகத்தைக் கடும் குளிரில் வைத்து, அதன் அணுக்கருக்களை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கவைக்க வேண்டும். பள்ளி அசெம்பிளியில் பிள்ளைகளை நேராக நிறுத்துகிற வேலை அது. நிறுத்துவதுகூடச் சுலபம், கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அந்த வேலை உன்னுடையது. கூட இருக்கும் பையனுக்கு அது பாதிதான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நானும் அப்பாவும் காட்கோபரில் ஷெர்லின் வீட்டுக்குப் புறப்பட்டோம். நீ வேண்டாம் என்றாய். நீ வந்துவிடுவதாகவே சொல்லிக்கொண்டிருந்தாய். ஆனால் மகனே, ஓலை வாசித்த கல்யாணத்தைத் தள்ளிவைக்கும்படி பெண் வீட்டில் கேட்பது மாப்பிள்ளை வேலை அல்ல, பெற்றவர்கள் வேலை. உள்ளபடி சொன்னால், அன்று ரயிலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஷெர்லினைப்போல ஒரு பெண் நம் வீட்டுக்கு வராமல் போய்விடுவாளோ என்ற பயம்.

அவள் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர் என்பது உனக்குத் தெரியும். சாயும் சேவும் வந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நேரம் மாறும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ரயில்வேல இருந்தவன். ஆனா ஓலை வாசிச்ச கல்யாணத்தைத் தள்ளி நான் எங்கயும் பாக்கல."

ஷெர்லினின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரம் வாசிச்சாச்சு மதினி. அடுத்த வாரம் பேரு வரலேன்னா என்ன பேசுவாங்க? யாரோ எந்திரிச்சு என்னமோ சொல்லிட்டாங்கன்னுதான பேசுவாங்க? பையனை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் பொண்ணு மேலதான வந்து விழும்?"

அவர் சொன்னது சரி. ஆகவே தெரிந்த வேலையைச் செய்தேன், பாடம் நடத்தினேன். மரை, ரேடியோ செட், கேரம் போர்டு எல்லாம் சொன்னேன். ஷெர்லினின் அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"கண்டுபிடிச்சிருவானா?"

மேஜைக்கு அடியில் உன் அப்பா என் காலை மிதித்தார். ஆமாம் என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். உன்னிடம் நானே இதைக் கேட்டிருந்தேன், நீயும் மறைக்காமல் சொல்லியிருந்தாய்.

"பெரும்பாலும் ஒண்ணும் இல்லேன்னுதான் வரும் அண்ணாச்சி" என்றேன். "இப்ப வைக்கிற காது இன்னும் அவ்வளவு கூர்மையில்ல. அடுத்தடுத்து கூர்மையாக்கணும். ஆனா முதல்ல ஒருத்தர் வச்சுப் பாக்கணும்லா?"

"ஒண்ணும் இல்லேன்னு கண்டுபிடிக்கதுக்கா ஒரு கல்யாணத்தைத் தள்ளச் சொல்லுதீங்க?"

"தண்டவாளத்துல வெரிசல் இல்லேன்னு தெனமும் நடந்து பாக்காங்களே..."

"வெரிசல் இல்லேன்னா அவன் வீட்டுக்குப் போய் சோறு திம்பான் டீச்சர். கல்யாணத்தைத் தள்ள மாட்டான்."

என் நல்ல உதாரணங்களில் ஒன்று அன்று அப்படிச் செத்தது. உன் அப்பா, அந்த நேரத்திலும், சிரிப்பை அடக்க ஒரு பிடி சேவு அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அப்போதுதான் ஷெர்லின் டூட்டி முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரிப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. வாசலிலேயே நின்று கடைசிப் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

"அத்தை, என்கிட்டயும் 'வந்துடறேன்'னுதான் சொன்னாங்க" என்றாள். "சொல்லுததுக்கு முந்தி ஒரு மூச்சு விட்டாங்க."

எனக்கு அந்த நிமிடமே பாதி பாரம் இறங்கிவிட்டது. அந்த மூச்சை இவளும் கேட்டிருக்கிறாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் அவள் அப்பா.

"சும்மா எப்படிப்பா இருக்கது? கல்யாணம் எனக்குத்தான? அவங்க வருவாங்க. வந்து ஆல்டர்ல நின்னுக்கிட்டு பாக்கெட்ல போன் அடிக்குதா அடிக்குதான்னு பாப்பாங்க. ஆல்பம் முழுக்க அந்த மூஞ்சிதான் இருக்கும். என் பேஷன்ட்டைப் பாதியில விட்டுட்டு நான் வீட்டுக்கு வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அது உசுரு."

"இவங்களுக்கு இதுவும் அப்படித்தான். அப்படி இல்லாத ஆளா இருந்தா நான் எதுக்கு இவங்கள..." என்று ஆரம்பித்தவள் எங்கள் நாலு பேரையும் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பையை இறக்கி வைத்தாள். பிறகு நிதானமாக ஒரு நிபந்தனை சொன்னாள்: "ஆனா ஓலையை முதல்லருந்து வாசிக்கணும். வாசிச்ச ஒண்ணோட மீதி ரெண்டை ஒட்டுப் போட வேண்டாம். மூணு வாரமும், முழுசா. யாருக்கு என்ன சொல்லணுமோ எந்திரிச்சுச் சொல்லட்டும். அம்மாவும் அப்பாவும் முன் வரிசையில உக்காந்து கேக்கணும்."

அவள் அப்பா சாயை எடுத்து, ஆறிப்போனதைக் குடித்துவிட்டு, "டீச்சர், ஒங்க பையன் பரவால்ல. பொய்க்கு ஆசைப்படாத வீடு" என்றார். ரயில் ஏறியதும் உன் அப்பாவிடம், "மிதிச்ச கால் வலிக்குது" என்றேன். "உள்ளதச் சொல்லுன்னுதான மிதிச்சேன், நீ ஏன் வேற மாதிரி நெனச்சே?" என்றார். அவரை நீ மாற்ற முடியாது.

அதன் பிறகு ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா? கோவண்டியிலிருந்து ஒருவர் போன் செய்து, "பையன் அங்கயே ஒரு ஜப்பான்காரிய..." என்று இழுத்தார். அந்த வாரங்களில் ஷெர்லினின் அம்மா சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். இதை உனக்கு நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உன் வேலைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. வந்ததும் முதலில் அந்த அம்மாவிடம் போய் உட்கார். விளக்கம் சொல்லாதே. சோறு போடச் சொல்லிச் சாப்பிடு.

உங்கள் முறை நடந்த வாரத்தில் ஒருநாள் நீ கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. "அம்மா, ஒரு வித்தியாசம் தெரியுது" என்றாய். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தாராவிக்குக் கிளம்பியேவிட்டார். நான்தான் செருப்பை ஒளித்து வைத்தேன். மறுநாள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: நியூட்ரானின் சுழற்சியை மாற்றுகிற காந்தம், கதிரை எண்ணுகிற கருவியையும் இழுத்திருக்கிறது. வித்தியாசம் லாந்தனத்தில் இல்லை, எண்ணுகிறவரிடமே இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம் என்றாய்.

எனக்கு உன் அப்பா மீன் வாங்கும் அழகு நினைவுக்கு வந்தது. தராசில் சந்தேகம் வந்தால் மீனை எடைக்கல் தட்டிலும் கல்லை மீன் தட்டிலும் மாற்றி வைக்கச் சொல்லுவார். எடை மாறினால் கோளாறு தராசில், மாறாவிட்டால் மீன் அவ்வளவுதான். செம்பூர் மார்க்கெட்டில் அந்த மீன்காரம்மா, "க்யா மாமா, அப் மேரேகோ பீ உல்டா கரேகா க்யா?" என்று, தன்னையும் தலைகீழாக்கப் போகிறாரா என்று, மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கேட்டது உனக்கு நினைவிருக்குமே, நீ வெட்கப்பட்டு அடுத்த கடைக்குப் பின்னால் போய் நின்றாய். இன்று அதே வேலையைத்தான் நீ செய்கிறாய். கல்யாண வாழ்க்கையிலும் இதை மறக்காதே. ஷெர்லின் மேல் உனக்குக் கோபம் வரும், வராமல் இருக்காது. அப்போது தட்டை மாற்றி வைத்துப் பார். அவள் சொன்னதை நீ சொல்லியிருந்தால், நீ செய்ததை அவள் செய்திருந்தால் என்று. பாதிச் சண்டையில் கோளாறு தராசில்தான் இருக்கும். மீதிப் பாதி உண்மையான வித்தியாசம், அதை அவளிடம் பேசு. இன்னொன்றும் உண்டு. அவள் சத்தம் போட்டுக் கேட்கிற பெண் இல்லை. நீ சத்தமில்லாத வீடாக இருந்தால்தான் அவளுக்கு வேண்டியது உனக்குக் கேட்கும். பட்டறையாக இருந்துவிடாதே.

முறை முடிந்த பிறகும் விடையை நீங்கள் பார்க்கவில்லை என்று கேட்டு ஆச்சரியப்பட்டேன். உங்களுக்கே தெரியாத ஓர் எண்ணைக் கணினி விடையோடு கலந்து மறைத்துவைத்திருக்கிறது, நம் ஆசைக்கு ஏற்றபடி கணக்கைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக என்றாய். பொதுத்தேர்வுத் தாளில் மூலையை மடித்து ஒட்டி, பையனின் எண்ணை மறைத்துத்தான் எங்களுக்குத் திருத்தக் கொடுப்பார்கள். அதனால் அது எனக்குப் புதிதில்லை. ஆனால் அடுத்து நீ சொன்னது புதிது. திறப்பதற்கு முன்பு குழுவில் உள்ள எல்லோரையும் கூட்டி, செய்த வேலையை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பீர்களாம். ஒருவர் சொன்னால்கூட நிறுத்திச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் கேட்பீர்களாம்.

"ஏலே, நீங்களும் ஓலை வாசிக்கீங்க!" என்றேன். அன்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன வியாழக்கிழமை கூப்பிட்டாய். "திறந்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல." குரலில் வருத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்தேன். கொஞ்சம் இருந்தது, இல்லாமல் இருக்குமா? அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை, இவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்கும், இருந்தால் இதைவிட மெதுவாகத்தான் இருக்கிறது என்று இனி உறுதியாகச் சொல்லலாம் என்றாய். "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் என் வாயிலிருந்து வரவில்லை.

அது மூன்றாவது ஓலை. ஷெர்லின் சொன்னபடியே அவள் அப்பாவும் அம்மாவும் மூன்று வாரமும் காட்கோபரிலிருந்து வந்து முன் வரிசையில் எங்களோடு உட்கார்ந்தார்கள். போதகர் உங்கள் பெயர்களை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். மற்ற ஓலைகளுக்கு நிறுத்துவதைவிட அதிகமாகவே நிறுத்தியதாக எனக்குத் தோன்றியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பேசிய ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. போன் செய்த கோவண்டிக்காரர்கூட மூன்றாம் வரிசையில் இருந்தார். பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா அக்கா எழுந்து நிற்கிறார். ஷெர்லினின் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். சபை முழுக்கத் தன்னைப் பார்ப்பதைக் கண்ட ஸ்டெல்லா அக்கா, "ஐயோ, முட்டி பிடிச்சுக்கிச்சு, அதான். நீங்க வாசிங்க ஐயா" என்றார். போதகரே சிரித்துவிட்டார். பிறகு மறுபடியும் அதே அமைதி. ஒருவரும் எழவில்லை.

வெளியே வந்ததும் ஷெர்லினின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், பையன் திறந்து பாத்தானா? என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லேன்னு வந்திருக்கு அண்ணாச்சி. நான் அன்னைக்கே சொன்னேன்."

அவர் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளயும் இப்ப அதான வந்துச்சு" என்றார். "மூணு வாரம் கேட்டாங்க. ஒண்ணும் இல்ல. கேக்காம இருந்திருந்தா இந்த நிம்மதி எனக்கு வந்திருக்குமா? அவனை வருத்தப்படாம வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். வருத்தப்படாமல் வா. வரும்போது அவருக்கு அந்தப் படிகத்தின் படம் ஒன்று எடுத்து வா, பார்க்க வேண்டுமாம். ஸ்டெல்லா அக்காவுக்கு முட்டித் தைலம்.

உன் அம்மா